பழைய சாலை வழியே பெற்றோரைக் காணச் செல்வோம்



தீபாவளி நெருங்கும்போது தோட்டத்து வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "பிள்ளைகள் எப்போது வருகிறார்கள்?" என்பதே அது. அதே நாட்களில் பட்டணத்திலுள்ள பிள்ளைகளின் வீட்டில் வேறொரு கேள்வி எழும். "எந்த வழியாகப் போவது? எத்தனை மணிக்குப் புறப்படுவது?" என்று கணவனும் மனைவியும் பேசிக்கொள்வார்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே முதல் கேள்விக்கும் நல்ல விடை கிடைக்கும். அவசரத்தில் புறப்பட்டு, அவசரத்தில் வண்டியை ஓட்டி, விளக்கேற்ற வேண்டிய வீட்டில் அழுகுரல் கேட்கச் செய்த பயணங்கள் நம் சமூகத்தில் குறைவல்ல. ஆகவே, ஊருக்குப் போகும் பயணத்தைப் பற்றி, அதிலும் பழைய பெருஞ்சாலை வழியாக நிதானமாகப் போகும் பயணத்தைப் பற்றி இன்று சற்று விரிவாகச் சிந்திப்போம்.

இரண்டு சாலைகள்

மேற்குக் கரை மாநிலங்களில் வடக்கும் தெற்குமாகச் செல்ல நமக்கு இரண்டு பெருவழிகள் உள்ளன. ஒன்று, 1994ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு விரைவுச்சாலை. மற்றொன்று, அதற்கு முன்பு நாட்டின் முதுகெலும்பாக இருந்த பழைய பெருஞ்சாலை. இதற்குக் கூட்டரசுச் சாலை 1 என்று பெயர். ஜொகூர் பாருவில் தொடங்கி, கூலாய், ஆயர் ஹீத்தாம், சிகாமட், கெமாஸ், தம்பின், சிரம்பான், காஜாங் வழியாகக் கோலாலம்பூரை அடைந்து, அங்கிருந்து ரவாங், தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா, கம்பார், ஈப்போ, கோலகங்சார், பாகான் செராய், சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் என்று ஊர் ஊராகக் கடந்து, தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹீத்தாம் வரை அது செல்கிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன? விரைவுச்சாலை ஊர்களை விலக்கிச் செல்கிறது. பழைய சாலையோ ஊர்களின் நடுவே செல்கிறது. விரைவுச்சாலையில் போகும் வண்டியும் வரும் வண்டியும் தடுப்பால் பிரிக்கப்பட்டுள்ளன. பழைய சாலையின் பெரும்பகுதியில் போக ஒரு தடம், வர ஒரு தடம். நடுவே இருப்பது வெள்ளைக் கோடு மட்டுமே. விரைவுச்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை செல்லலாம். கூட்டரசுச் சாலைகளில் பொதுவான வரம்பு 90 கிலோமீட்டர். பண்டிகைக் காலங்களில் அரசாங்கம் அதை 80 ஆகக் குறைத்து அறிவிப்பது வழக்கம். ஊருக்குள் நுழைந்தால் வரம்பு இன்னும் குறையும். விரைவுச்சாலையில் டோல் கட்டணம் உண்டு. பழைய சாலையில் அது இல்லை.

நெடுந்தொலைவு போகிறவர்கள், எடுத்துக்காட்டாக ஜொகூரிலிருந்து கெடாவுக்குப் போகிறவர்கள், முழு வழியையும் பழைய சாலையிலேயே கடக்க வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். அது உடலுக்கு அலுப்பைத் தரும், அலுப்பே ஆபத்து. அத்தகையோர் விரைவுச்சாலையில் பெரும்பகுதியைக் கடந்து, ஊருக்குச் சற்று முன்னதாக இறங்கி, கடைசி ஐம்பது அல்லது நூறு கிலோமீட்டரைப் பழைய சாலையில் செல்லலாம். அரை நாளில் சென்றடையக்கூடிய தொலைவு உள்ளவர்கள் முழு வழியையும் பழைய சாலையில் வைத்துக்கொள்ளலாம். நேரம் கொஞ்சம் கூடும். ஆனால் பிள்ளைகளுக்கு நம் வரலாற்றைக் காட்டிச் செல்லக்கூடிய வழி அது ஒன்றுதான்.

நம்மவர் இட்ட சாலை

இந்தச் சாலை ஒரே நாளில் ஒரே திட்டமாகப் போடப்பட்டதன்று. முதலில் ஈயச் சுரங்கங்களிலிருந்து ஆற்றுத்துறைக்கும் துறைமுகத்துக்கும் ஈயத்தைக் கொண்டுசெல்ல மாட்டுவண்டிப் பாதைகள் எழுந்தன. பிறகு காப்பித் தோட்டங்களும் கரும்புத் தோட்டங்களும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களும் பெருகின. ஆங்காங்கே கிடந்த துண்டுப் பாதைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 1924இல் ஜொகூர் பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டபோது சிங்கப்பூரும் இந்த வழியோடு சேர்ந்தது.

மண் வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள், தார் ஊற்றியவர்கள் யார்? அவர்களுள் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர்களே. தோட்டத்தில் பால் வெட்டியவர்களைப் போலவே, பொதுப்பணித் துறையிலும் இரயில்வேயிலும் நம்மவர் கூலிகளாக உழைத்தார்கள். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு நாட்டின் முதல் இரயில் ஓடியது. அன்று முதல் சாலையும் இரயிலும் பல இடங்களில் அருகருகே வளர்ந்தன. ஆகவே இந்த வழியில் செல்லும்போது, "உன் கொள்ளுத் தாத்தா காலத்து மனிதர்களின் கைபட்ட சாலை இது" என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில் மிகையில்லை.

நம் பேச்சில் இன்றும் வழங்கும் ஒரு சொல் இதற்குச் சான்று. ஓர் இடத்தைக் குறிக்க "மூன்றாங்கட்டை", "ஏழாங்கட்டை" என்கிறோம். பட்டணத்திலிருந்து இத்தனையாவது மைல்கல் என்பது அதன் பொருள். 1970களில் மெட்ரிக் முறை வந்து மைல் கணக்கு கிலோமீட்டராக மாறிய பிறகும் கட்டை மட்டும் நம் வாயில் நிலைத்துவிட்டது.

வழியில் காண வேண்டியவை

கோலாலம்பூரிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட் வரை ஒரு குடும்பம் செல்வதாக வைத்துக்கொள்வோம். பழைய சாலையில் இது சுமார் 230 கிலோமீட்டர். ஊர்களில் விளக்குகளுக்கும் நெரிசலுக்கும் நின்று போனால் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர்தான் கிடைக்கும். அப்படியானால் ஓட்டம் நாலரை மணி நேரம். இடையில் மூன்று இடங்களில் அரை மணி நேரம் வீதம் தங்கினால் மொத்தம் ஆறு மணி நேரம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் ஒரு மணிக்கு வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரலாம்.

ரவாங், பத்தாங் காலி கடந்தால் கோலகுபு பாரு வரும். 'பாரு' என்றால் புதியது. அப்படியானால் பழைய கோலகுபு எங்கே போயிற்று? ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண்ணும் மணலும் ஆற்றை மேடாக்கிவிட்டன. ஆற்றில் ஆழம் இல்லாததால் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. ஒரு முறை இரு முறை அன்று, அடிக்கடி புகுந்தது. முடிவில், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். ஆற்றைக் கெடுத்தால் ஊர் கெடும் என்பதைப் பிள்ளைகளுக்குக் கூற இதைவிடத் தக்க இடம் வேண்டுமா?

அடுத்துப் பெர்ணம் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலம். எல்லையில் இருப்பது தஞ்சோங் மாலிம். 1922இல் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இங்கேதான் எழுந்தது. இன்று அது பல்கலைக்கழகமாக வளர்ந்து, தமிழ்ப் பள்ளிகளுக்குரிய ஆசிரியர்களையும் உருவாக்குகிறது.

சிலிம் ரீவர் என்ற சிற்றூரில் 1942 ஜனவரி 7ஆம் நாள் ஜப்பானிய டாங்கிகள் இதே சாலை வழியாகப் பாய்ந்து வந்து, தற்காத்து நின்ற படையைச் சிதறடித்தன. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, 1941 டிசம்பர் இறுதியில், கம்பாரில் இந்தியப் போர்வீரர்களும் பிரிட்டிஷ் வீரர்களும் ஜப்பானியரை நான்கு நாள் எதிர்த்து நின்றார்கள். தெற்கே போகிறவர்கள் கெமாஸ் அருகே கெமெஞ்சே பாலத்தைக் காணலாம். 1942 ஜனவரி 14ஆம் நாள் ஆஸ்திரேலியப் படையினர் அங்கே பதுங்கியிருந்து தாக்கினார்கள். யப்பான்காரன் காலம் என்று நம் பாட்டிமார் சொல்லும் காலம் இதுவே. மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் காத்ததும், சயாம் மரண இரயில் பாதைக்கு ஆட்களைக் கொண்டுபோனதும் இந்தப் போருக்குப் பின்னால் வந்த துன்பங்கள்தாம்.

பீடோரில் கொய்யாப்பழக் கடைகள் சாலையோரம் வரிசையாக இருக்கும். தாப்பாவிலிருந்து வலப்புறம் மலையேறும் சாலை கேமரன் மலைக்குப் போகிறது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் பலர் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். கம்பார், கோப்பேங் பகுதிகளில் காணும் குளங்களும் வெள்ளை மணல் திட்டுகளும் இயற்கையானவை அல்ல. ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கியவை அவை. ஈப்போவை நெருங்கும்போது செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் கண்ணில் படும். ஈப்போவுக்குள் புந்தோங் என்ற பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் செய்யும் கச்சாங் பூத்தே நாடெங்கும் பெயர் பெற்றது. கடலையும் முறுக்கும் ஒரு பொட்டலம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டால் மீதி வழி அலுப்பில்லாமல் போகும்.

சுங்கை சிப்புட்டைத் தோட்டத்து மக்கள் மறக்க முடியாது. 1948 ஜூன் 16ஆம் நாள் இங்கே மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிருவாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, 1960 வரை நீடித்தது. முள்வேலியும் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் அந்நாளைய தோட்டத்து வாழ்க்கை. துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. 1950களின் பிற்பகுதியில் வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அந்நிலையில், தொழிலாளரே சிறு தொகை சேர்த்துத் தோட்டங்களை வாங்கலாம் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். பால் வெட்டியவன் தோட்டத்தில் பங்குதாரராகவும் ஆகலாம் என்பதை அச்சங்கம் காட்டியது.

மேலும் வடக்கே போகிறவர்கள், 1932இல் திறக்கப்பட்ட இஸ்கந்தர் பாலத்தின் வழியாகப் பேராக் ஆற்றைக் கடந்து கோலகங்சார் சேர்வார்கள். அவ்வூரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு முதிய ரப்பர் மரம் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. பிரேசில் நாட்டு விதையிலிருந்து இங்கிலாந்தில் முளைத்து, 1877ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நாட்டில் நடப்பட்ட முதல் கன்றுகளின் வழியில் எஞ்சி நிற்பது அது. நம் குடும்பங்கள் கடல் கடந்து வரக் காரணமான மரம் இதுதான் என்று சொல்லலாம். வண்டியை நிறுத்தி இறங்கி, பிள்ளைகளை அதன் அருகே நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு புக்கிட் பெராப்பிட் வளைவுகளைக் கடந்தால் சமவெளி. பாகான் செராய், பாரிட் புந்தார் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை வயல். நிபோங் தெபால் பகுதியில் ரப்பருக்கு முன்பு கரும்பு விளைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் முதலில் பெருவாரியாக வந்திறங்கியது அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கே. வடக்கே சுங்கை பட்டாணிக்கு அருகில், மெர்போக் என்னுமிடத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் பழங்காலக் கோயிலின் அடித்தளமும் உள்ளன. ரப்பருக்கும் கரும்புக்கும் பல நூற்றாண்டு முன்பே வணிகர்கள் இக்கரைக்கு வந்து போயிருக்கிறார்கள் என்பதை அவை காட்டும்.

இலையுதிரும் பருவம்

குளிர் நாடுகளில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் இலையுதிர் காலம். மரங்கள் சிவந்து பொன்னிறமாக மாறும் அழகைப் பார்த்துக்கொண்டே பழைய சாலைகளில் மெல்லச் சென்று உறவினரைக் காண்பது அந்நாட்டு மக்களின் வழக்கம். நம் நாட்டில் அதே மாதங்களில் காடு பச்சையாகவே இருக்கும், மழைதான் பொழியும். ஆயினும் நமக்கும் ஓர் இலையுதிர் காலம் உண்டு. அது ரப்பர் மரத்தின் இலையுதிர் காலம். ஏறக்குறைய ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை, மழை குறையும் நாட்களில், ரப்பர் மரம் தன் நீரைக் காத்துக்கொள்ள இலைகளை உதிர்க்கும். இலைகள் சிவந்து, மஞ்சளாகி, தரையில் சருகு மெத்தையாக விழும். பின்பு இளந்தளிர் விடும். அந்நாட்களில் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். அதனால் அந்த அழகு நம் பெற்றோருக்கு முழுமையான மகிழ்ச்சி தந்ததில்லை என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். தைப்பூசத்தை ஒட்டி ஊருக்குப் போகிறவர்கள், ரப்பர் எஞ்சியுள்ள இடங்களில் இக்காட்சியை இன்றும் காணலாம். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் செம்பனை பரப்பளவில் ரப்பரை மிஞ்சிவிட்டது. செம்பனை என்றும் பச்சை. அதற்கு இலையுதிர் காலம் கிடையாது.

அரை கிலோமீட்டர்க் கணக்கு

இனி, மிக முக்கியமான செய்திக்கு வருவோம். பழைய சாலை அழகானது. ஆனால் அது பாதுகாப்பான சாலை என்று எண்ணிவிடலாகாது. நம் நாட்டில் உயிர்ச்சேதம் ஏற்படும் விபத்துகள் விரைவுச்சாலைகளைவிடக் கூட்டரசுச் சாலைகளிலேயே மிகுதி. அவற்றுள் கொடியது, முந்திச் செல்லும்போது எதிர்வரும் வண்டியோடு மோதுவது. இது ஏன் நேருகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்வோம்.

நமக்கு முன்னால் 12 மீட்டர் நீளமுள்ள லோரி ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நாம் 80 கிலோமீட்டர் வேகத்தில் அதை முந்துகிறோம். வேக வேறுபாடு 20 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு ஐந்தரை மீட்டர் அளவே. லோரிக்குப் பின்னால் 20 மீட்டர் இடைவெளி, லோரியின் நீளம் 12, முன்னால் சென்று சேர 20, நம் வண்டியின் நீளம் 4, ஆக 56 மீட்டரைக் கூடுதலாகக் கடக்க வேண்டும். இதற்குப் பத்து விநாடி பிடிக்கும். அந்தப் பத்து விநாடியில் நம் வண்டி சாலையில் 220 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எதிரே 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 250 மீட்டர் நெருங்கிவிடும். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர்! அரை கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலை வெறுமையாக இருப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டால் முந்தக் கூடாது என்பதே இதன் பொருள். வளைவிலும் மேட்டிலும் மழையிலும் அவ்வளவு தூரம் தெரியாது. அங்கெல்லாம் இரட்டைக் கோடு போட்டிருப்பது இதற்காகத்தான். இரட்டைக் கோட்டைத் தாண்டி முந்துவது சட்டப்படியும் குற்றம்.

சரி, முந்தாமல் அந்த லோரியின் பின்னாலேயே பத்து கிலோமீட்டர் போனால் நமக்கு என்ன நட்டம்? 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏழரை நிமிடத்தில் கடக்கும் தூரத்தை 60 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடத்தில் கடப்போம். நட்டம் இரண்டரை நிமிடம்! இரண்டரை நிமிடத்துக்காக மனைவி மக்களின் உயிரைப் பணயம் வைப்பது அறிவுடைமையாகுமா? பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழி சாலைக்கே சொன்னது போலிருக்கிறது.

மழையும் நேரமும்

தீபாவளி பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தை ஒட்டி வருகிறது. மேற்குக் கரையில் அப்போது காலை வெளுத்திருக்கும். பிற்பகலிலும் மாலையிலும் இடியும் மின்னலுமாகப் பெருமழை கொட்டும். ஆகவே, விடிந்ததும் புறப்பட்டு மழைக்கு முன்பே ஊர் சேர்வது நல்லது. வேலை முடிந்து களைப்போடு இரவில் புறப்படுவதைத் தவிர்க்க வேண்டும். தூக்கம் வந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டுவதில் பயனில்லை. ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திச் சற்று உறங்குவதே மருந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கிக் கால் நீட்டுங்கள்.

மழை பிடித்துக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, முன்விளக்கைப் போட்டு, முன்வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள். வெயிலில் இரண்டு விநாடிக்குக் குறையாமலும், மழையில் நான்கு விநாடிக்குக் குறையாமலும் கழித்தே அதே கம்பத்தை நாம் அடைய வேண்டும். சாலையில் வெள்ளம் ஓடினால் ஆழம் தெரியாமல் இறங்கவே கூடாது.

புறப்படும் முன் வண்டியின் சக்கரங்கள், நிறுத்தி, விளக்குகள், மழைத்துடைப்பான் ஆகியவற்றைப் பட்டறையில் காட்டிவிடுங்கள். பின் இருக்கையில் இருப்பவரும் பாதுகாப்பு வார் அணிவது 2009 முதல் கட்டாயம். சிறு பிள்ளைகளுக்குரிய தனி இருக்கை 2020 முதல் சட்டமாகியுள்ளது. மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வது பாசம் போலத் தோன்றும்; மோதலில் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் போகும் இளைஞர்கள் பகலில் மட்டும் செல்லுங்கள். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாமல் ஓட்டாதீர்கள். ஒரே சைக்கிளில் நான்கு பேர் போவது வேண்டவே வேண்டாம். சொந்த வண்டி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கம்பார், ஈப்போ, கோலகங்சார், தைப்பிங் என்று பழைய சாலையின் ஊர்களிலேயே மின்சார இரயிலும் நிற்கிறது. ஆனால் பண்டிகை நாட்களுக்கு முன்கூட்டியே பயணச்சீட்டு வாங்கிவிட வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தீபாவளி என்றால் மாமனும் மச்சானும் ஒன்றுகூடிக் குடிப்பது என்றாகிவிட்ட வீடுகள் நம்மிடையே உள்ளன. "ஒரு கிளாஸ்தானே, மாப்பிள்ளை" என்று அன்பாக ஊற்றிக் கொடுப்பவர், திரும்பிப் போகும் சாலையில் உடன் வருவதில்லை. 2020இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம், தண்டனையும் கடுமையாக்கப்பட்டுள்ளது. வண்டி ஓட்டுகிறவருக்கு மது ஊற்றுவதில்லை என்று வீட்டுப் பெரியவர்களே கட்டுப்பாடு வைத்தால், அதைவிட நல்ல தீபாவளிப் பரிசு வேறில்லை.

ஊர் சேர்ந்த பிறகு

இவ்வளவு தூரம் வந்தபின், பலகாரம் சாப்பிட்டுத் தொலைக்காட்சி பார்த்துவிட்டுத் திரும்புவது போதாது. பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வீடுகள் இடிக்கப்பட்டன. கோயில்களும் பள்ளிகளும் இடம் மாறின. இன்று எஞ்சியிருப்பவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட நமக்கு நாள் மிகுதியாக இல்லை. தாத்தா பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, பிரட்டுக் களம் எங்கே இருந்தது, ஆயக்கொட்டகை எங்கே இருந்தது, பால் கொட்டிய ஸ்டோர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம்மவர் வழங்கிய பெயர் வேறொன்று. அந்த இரண்டையும், தாத்தா பிறந்த தோட்டத்தையும், பாட்டியின் தாயார் பெயரையும், தமிழகத்தில் அவர்கள் புறப்பட்டு வந்த ஊரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை முதலிய பத்திரங்கள் ஒழுங்காக உள்ளனவா என்றும் பார்த்துவிடுங்கள். பெயரிலோ தேதியிலோ தவறு இருந்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே திருத்துவது எளிது. அவர்கள் மறைந்தபின் பேரப்பிள்ளைகள் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும்.

பெற்றோரின் உடல்நலத்தையும் கவனியுங்கள். "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் அவர்கள் தொலைபேசியில் சொல்வார்கள். நேரில் பார்த்தால்தான் கால் வீக்கமும் கண் மங்கலும் தெரியும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுத்த மருந்து தீர்ந்துவிட்டதா, மருத்துவமனைக்கு அடுத்து எப்போது போக வேண்டும், அழைத்துப் போக ஆள் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொண்டுபோகும் புதுத்துணியைவிட அந்த விசாரிப்பு அவர்கள் மனத்தை நிறைக்கும்.

நேயர்களே, ஊருக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் கூடினால் பெற்றோர் வருந்த மாட்டார்கள். பிள்ளைகள் வந்து சேராமல் போனால் அவர்களால் தாங்க முடியாது. ஆகவே, காலையில் புறப்படுவோம். மெதுவாகச் செல்வோம். வழியில் கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போவோம். புறப்படும்போது, "அம்மா, பழைய சாலை வழியாக வருகிறோம், தாமதமானால் பயப்படாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம்.